நூற்று இருபத்தோராவது கண்ணி

சில்லூரில் லில்லிபுஷ்பம் பின்னிய ஸ்வெட்டர்கள் போட்டுக்கொண்டவர்களோடு சேர்ந்து வளரத் தொடங்கியது எந்த வருஷம் என்று கேட்டால், வெள்ளம் பாலத்தை அடித்துக்கொண்டு போன வருஷம் என்பார்கள் சிலர், டீ ஃபாக்டரிக்குப் புது பாய்லர் வந்த வருஷம் என்பார்கள் சிலர், அதெல்லாம் எப்போதும் வளர்ந்துகொண்டுதானே இருந்தது என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகிறவர்களும் உண்டு. எப்சிபா டீச்சருக்கு மட்டும் தேதியே தெரியும், ஏனென்றால் பொறாமைப்படுகிறவர்கள் தேதிகளை மறப்பதில்லை.

அது ஜூலை மாதத்து இரண்டாவது ஞாயிறு. பேக்கரி யோவானின் மகனுக்கு அன்று ஞானஸ்நானம். டீச்சர் தன் கையால் பின்னிய வெள்ளை ஸ்வெட்டர் ஒன்றைக் கொடுத்தாள். அதில் ஒரு கண்ணி ஏறவில்லை, ஒரு கண்ணி இறங்கவில்லை, பாஸ்டரம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எது உள்பக்கம் எது வெளிப்பக்கம் என்றே தெரியவில்லை என்றாள். தேயிலை லாரி ஓட்டுகிற சாமுவேலின் மனைவி லில்லிபுஷ்பம் கொடுத்ததோ நீல ஸ்வெட்டர். நெஞ்சில் ஒரு வாத்து. பேச்சு சுவாரசியத்தில் பின்னியதால் வாத்துக்கு மூன்று கால் விழுந்திருந்தது. டீச்சரின் வெள்ளை ஸ்வெட்டர் எட்டே மாதத்தில் பிள்ளைக்கு இறுக்கிப் பிடிக்கத் தொடங்கி, பிறகு ஒரு பொம்மைக்குப் போய்ச் சேர்ந்தது. வாத்து ஸ்வெட்டரோ பிள்ளையோடு குப்புற விழுந்தது, தவழ்ந்தது, நடந்தது, அவன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த அன்றைக்கும் மணிக்கட்டு வரை கை மூடி அளவாக நின்றது. நெஞ்சில் இருந்த வாத்தும் அவனோடு வளர்ந்து வான்கோழி அளவுக்கு ஆகியிருந்தது.

"ஏன் யோவான், புள்ளைக்குப் புது ஸ்வெட்டர் வாங்கலையா?" என்று கேட்டாள் டீச்சர்.

"எதுக்கு டீச்சர்? இருக்கறதே சரியா இருக்கே. நல்ல கம்பளி."

அவ்வளவுதான் சில்லூர் ஆச்சரியப்பட்டது. அதற்குப் பிறகு ஊர் தன் வேலையைப் பார்த்தது: பள்ளிக்கூடத்தில் நீலக் கலர் லில்லி ஸ்வெட்டர் இருந்தால் வருஷா வருஷம் புதிது வாங்க வேண்டாம் என்று சுற்றறிக்கை வந்தது, கம்பளிக் கடை காதர் பாய் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு ஆயத்த ஸ்வெட்டர்களை ஓரங்கட்டி வெறும் நூலாக வாங்கி அடுக்கினார், ஆஸ்பத்திரி டாக்டர் எடை பார்க்கும் மெஷினைத் துணி போட்டு மூடிவிட்டு லில்லி ஸ்வெட்டர் போட்டு வா பார்க்கலாம் என்று நோயாளிகளை அனுப்பினார், குடியை விட்டுவிட்டேன் என்று சத்தியம் செய்த போஸ்ட்மேனின் தொப்பையை அவன் ஸ்வெட்டரே ஊருக்குக் காட்டிக்கொடுத்தது, கல்யாணமான பெண்களுக்கு நாள் தள்ளிப்போவதற்கு முன்பே ஸ்வெட்டரின் இடுப்பு இளகிக் கொடுத்ததால் 'அவளுக்கு ஸ்வெட்டர் தளர்ந்துடுச்சாம்' என்பதே சில்லூரில் நல்ல சேதி சொல்லும் பேச்சாயிற்று. கீழ்த்தெரு கிழவர் ஒருவர் இறந்தபோது அவர் ஸ்வெட்டரைப் பேரனுக்குப் போட்டார்கள். பாட்டு முடிந்து ஜெபம் முடிந்து பெட்டியை மூடுவதற்குள் அது சுருங்கிப் பேரனுக்கு அளவாகிவிட்டது. கிழவரின் மகள் மட்டும் அதன் கையை ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

எப்சிபா டீச்சர் பெண்கள் பள்ளியில் இருபத்தேழு வருஷமாகக் கணக்குப் பாடம் எடுக்கிறவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கோயிலுக்குக் கீழே, ஹைட்ரேஞ்சியா புதர் மறைக்கிற சின்ன வீட்டில் தனியாக இருந்தாள். அவளுக்குப் பின்னல் என்றால் உயிர் என்பது ஊருக்கெல்லாம் தெரியும், அதனால் அவளுக்கு என்ன பரிசு கொடுப்பது என்று யாரும் ஒரு நிமிஷம்கூட யோசித்ததில்லை. பிறந்த நாளுக்கு நூல், கிறிஸ்துமஸுக்கு நூல், ஆசிரியர் தினத்துக்கு ஊசி. மூங்கில் ஊசி, ஸ்டீல் ஊசி, யாரோ சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த மடங்குகிற ஊசி, நூல் உருண்டை ஓடாமல் இருக்க ஒரு பீங்கான் கிண்ணம், கண் மங்கும் காலத்துக்கு முன்கூட்டியே ஒரு பூதக்கண்ணாடி, எல்லாம் அவளுடைய மர அலமாரியில் உறை பிரிக்காமல் இருந்தன. கதவைத் திறந்தால் நாப்தலின் வாசனை அடிக்கும். கொடுக்கிறவர்கள் அன்போடுதான் கொடுத்தார்கள். ஆனால் ஒரு ஜனவரிக் காலையில், வாயிலிருந்து புகை வரும் குளிரில், அந்த அலமாரி முன் நின்றபோது அவளுக்கு ஒன்று புரிந்தது: இத்தனை வருஷத்தில் எல்லோரும் அவளுக்குக் கொடுத்தது வேலை. பின்னத் தெரிந்தவளுக்கு யாராவது பின்னிக் கொடுப்பார்களா? ஊரில் நாய்க்கும் லில்லி ஸ்வெட்டர் இருந்தது. அவளுக்கு இல்லை.

லில்லிபுஷ்பத்துக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். பஸ்ஸுக்கு நிற்கும்போது பின்னுவாள், ரேஷன் வரிசையில் பின்னுவாள், யாராவது அழுதுகொண்டு வந்தால் அழுகையைக் கேட்டுக்கொண்டே பின்னுவாள், ஒருநாளும் எண்ணியதில்லை. "எண்ணினா எனக்குப் பேச்சு வராது டீச்சரக்கா" என்பாள். டீச்சருக்கு அந்த 'டீச்சரக்கா' என்ற கூப்பாடு ஒரே சமயத்தில் இனித்தது, எரிந்தது. தன்னைவிட மோசமாகப் பின்னுகிற ஒருத்தியின் கையிலிருந்து எப்படி இது வருகிறது? இதைத்தான் அவள் கரும்பலகையில் கோணங்கள் வரையும்போதும், கோயிலில் பாட்டுப் பாடும்போதும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒருமுறை, கோயில் மணியடிக்கிற தேவசகாயத்தின் லில்லி ஸ்வெட்டரை, பட்டன் தைத்துத் தருகிறேன் என்று வாங்கி வந்து மேஜையில் விரித்துப் போட்டு எண்ணினாள். பெரியவர்களுக்கு முதுகுப் பக்கம் நூற்று இருபது கண்ணி. அது சில்லூரில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. இடமிருந்து எண்ணினாள், நூற்று இருபத்தொன்று. வலமிருந்து எண்ணினாள், நூற்று இருபத்தொன்று. அந்தக் கூடுதல் கண்ணி எது என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் புள்ளி வைத்தாள். புள்ளிகள் நூற்று இருபதுதான் இருந்தன. மறுபடி வெறும் விரலால் எண்ணினாள், நூற்று இருபத்தொன்று. அடுத்த மாதம் முழுக்க அவள் நூற்று இருபத்தொரு கண்ணி போட்டு ஒரு ஸ்வெட்டர் பின்னிப் பார்த்தாள். அது ஒரு பக்கம் கோணலாக இழுத்துக்கொண்டு நின்றதே தவிர ஓர் அங்குலம் வளரவில்லை. பிரித்து உருண்டையாகச் சுற்றி அலமாரியின் அடியில் போட்டாள்.

கோயிலை ஒட்டிய கூடத்தில் புதன்கிழமை மத்தியானங்களில் கூடிப் பின்னுகிற பெண்களுக்கு, பைபிளில் ஏழைகளுக்கு உடை தைத்துக் கொடுத்தவளின் பெயரால், தொற்காள் சங்கம் என்று பெயர். டிசம்பர் நெருங்கினால் அங்கே ரகசியத் தோழி விளையாட்டு உண்டு: ஒரு பிஸ்கட் டப்பாவில் எல்லோர் பெயரையும் எழுதிப் போட்டு ஆளுக்கொரு சீட்டு எடுப்பார்கள், யார் பெயர் வந்ததோ அவள் பெயரை மட்டும் எழுதி யாருக்கும் தெரியாமல் பரிசு வைத்துவிட வேண்டும், கிறிஸ்துமஸுக்கு முந்தைய புதன் அன்று யார் யாருக்குத் தோழி என்று சொல்ல வேண்டும். அந்த வருஷம் டீச்சர் எடுத்த சீட்டில் லில்லிபுஷ்பம் என்று இருந்தது. சீட்டு கையில் சுட்டது.

அன்று பேச்செல்லாம் அதைப் பற்றித்தான்.

"லில்லி பேரு யாருக்கு வந்துச்சோ, குடுத்து வச்சவ" என்றாள் பேக்கரி யோவானின் மனைவி பொன்னுத்தாய்.

"என்னத்தக் குடுத்து வச்சவ? அவளுக்கு என்ன வாங்கறதுன்னு மண்டைய ஒடச்சிக்கணும்."

"இதுல என்ன ஒடைக்கறது, பின்றவளுக்கு நூலு. அழுகிறவளுக்குக் கைக்குட்டை."

"அப்ப உனக்கு என்ன, வாய்க்குப் பூட்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். லில்லிபுஷ்பம் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள். டீச்சர் சிரிக்கவில்லை, அவள் ஊசியில் எண்பத்து நான்காவது கண்ணியில் இருந்தாள்.

மறுநாள் பள்ளி விட்டதும் காதர் பாய் கடைக்குப் போனாள். நியாயமாகச் சொன்னால் அவள் நல்ல பரிசு தேடித்தான் போனாள், அல்லது அப்படித்தான் கடைப் படியேறும் வரை நினைத்துக்கொண்டிருந்தாள். பாய் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். ரோஸ்வுட் ஊசி ஒரு ஜோடி இருந்தது, வழவழப்பு கன்னத்தில் வைத்துக்கொள்ளலாம் போல. அதை லில்லியின் கையில் நினைத்துப் பார்த்ததும் வேண்டாம் என்று தள்ளினாள். கொக்கு மூக்கு வைத்த கத்தரிக்கோல் இருந்தது. அழகாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள், சொல்லக்கூடாது. லுதியானாவிலிருந்து வந்த புது நூல் இருந்தது, அடுக்கில் கடுகுப்பூ மஞ்சள் ஒன்று. எப்போதும் போல அதை ஒருமுறை தொட்டாள், எப்போதும் போல கையை எடுத்துக்கொண்டாள். அவள் தனக்கு வாங்குவது சாம்பல் நிறம்தான். கணக்கு டீச்சர்கள் மஞ்சள் போடுவதில்லை.

"அப்ப இதப் பாருங்க டீச்சர்" என்று பாய் கண்ணாடிப் பெட்டியின் மூலையிலிருந்து ஒன்றை எடுத்து ஊதித் துடைத்தார். விரலில் மாட்டிக்கொள்ளும் மோதிரம். மேலே கல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னப் பித்தான். கட்டை விரலால் அழுத்தினால் 'டிக்' என்று ஓர் எண் கூடும். "கண்ணி எண்ணறது. பின்றவங்களுக்குன்னே செஞ்சது. உங்களுக்கு வேண்டியதில்ல, நீங்கதான் மனசுலயே எண்ணுவீங்க. எண்ணத் தெரியாதவங்களுக்கு ரொம்ப உபயோகம்."

டீச்சர் அதை மாட்டிப் பார்த்தாள். டிக். டிக். டிக்.

"இத நல்லாப் பொட்டலம் கட்டிக் குடுங்க பாய். பூப்போட்ட காகிதத்துல."

வீட்டுக்கு நடந்து வரும்போது மனம் இறகு போல இருந்தது. இதில் தப்பு என்ன இருக்கிறது? பின்னுகிறவளுக்குப் பின்னல் சாமான். மலிவும் இல்லை, கேவலமும் இல்லை. யார் பார்த்தாலும் யோசித்து வாங்கியிருக்கிறாள் என்பார்கள், உண்மையில் யோசித்துத்தான் வாங்கியிருந்தாள். ஆயுசெல்லாம் ஊசியில் கண்ணி போட்டவள். ஒருத்திக்குக் கண்ணி வைத்தது அன்றுதான்.

டிசம்பரின் முதல் புதன் அன்று லில்லிபுஷ்பம் பொட்டலத்தைப் பிரித்தாள், மாட்டினாள், குழந்தை போல நூறு முறை அழுத்தினாள். "ஐயோ, யாரு தாயி இது, இத்தனை அழகா!" என்று சுற்றிலும் பார்த்தாள். டீச்சர் தலை நிமிரவில்லை. இரண்டாவது புதன் லில்லியின் உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. பொன்னுத்தாய் தன் மாமியாரைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டு, "என்னடி, ஒண்ணுமே கேக்க மாட்டேங்கற?" என்றாள். "இரு, நாப்பத்தெட்டு" என்றாள் லில்லி. டிக். மூன்றாவது புதன் அவள் பின்னிய மப்ளரைக் கையில் வாங்கிய பாஸ்டரம்மா, "அப்படியே நம்ம டீச்சர் கை மாதிரி இருக்கே" என்றாள். டீச்சர் அந்த மப்ளரைப் பார்க்கக் கேட்டு வாங்கி மடியில் வைத்து விரலால் எண்ணினாள். கூட ஒன்று இல்லை. அன்று அவள் வீட்டுக்குப் போய் மூன்று கிளாஸ் காபி குடித்தாள், சத்தமாகப் பாடினாள், பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, டீச்சருக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய புதன். கூடத்தில் காகித நட்சத்திரம் கட்டியிருந்தார்கள், கேக் வாசனை, வெளியே மத்தியானத்திலேயே மூடுபனி இறங்கி ஜன்னலில் கன்னத்தை வைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொருத்தியாக எழுந்து தன் தோழியின் பெயரைச் சொன்னார்கள். டீச்சர் எழுந்து, "லில்லிபுஷ்பம்" என்றாள். லில்லி ஓடி வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்க்கா! இப்படி யோசிச்சு வாங்க உங்களத் தவிர இந்த ஊர்ல யாருக்கு வரும்? சரி, இப்ப என் தோழி யாருன்னு சொல்லட்டா?"

"சொல்லு, சொல்லு."

"நீங்கதான். உங்க பேரு எனக்கு விழல, பொன்னுத்தாய்க்குத்தான் விழுந்துச்சு. ரெண்டு கிலோ உருளைக்கெழங்கு குடுத்து சீட்ட மாத்திக்கிட்டேன்."

"மூணு கிலோ" என்றாள் பொன்னுத்தாய்.

லில்லிபுஷ்பம் பையிலிருந்து ஒரு ஸ்வெட்டரை எடுத்தாள். கடுகுப்பூ மஞ்சள். டீச்சரின் கை தானாக நீண்டு அதைத் தொட்டது. இந்த முறை கையை எடுத்துக்கொள்ளவில்லை.

"காதர் பாய் கடையில நீங்க இதத் தொட்டுத் தொட்டு வச்சுட்டுப் போவீங்க. எத்தன வருஷமா பாத்திருக்கேன். உங்களுக்குப் பின்னிக் குடுக்கணும்னு ரொம்ப நாளா ஆசைக்கா, ஆனா பயம். நீங்க தப்பு கண்டுபிடிச்சிருவீங்களே. போன ஐப்பசியிலயே ஆரம்பிச்சு, முடிச்சும் வச்சுட்டேன். அப்புறம் இந்த மோதிரம் வந்துச்சா, சும்மா எண்ணிப் பாத்தேன். பாத்தா, ஒவ்வொரு வரிசையிலயும் நூத்தி இருபத்தொண்ணு! எனக்கு உயிரே போச்சு. வேற யாருக்குன்னாலும் விட்டுருவேன். உங்களுக்குக் குடுக்கறது பிசகா இருக்கலாமா? மொத்தத்தையும் பிரிச்சேன். முதல்லருந்து பின்னினேன், எண்ணி எண்ணி, மூணு வாரமா யார்கிட்டயும் பேசாம. இப்பப் பாருங்க. ஒண்ணு கூடவும் இல்ல, ஒண்ணு கொறையவும் இல்ல."

டீச்சர் வாயைத் திறந்தாள். "லில்லி, அந்த மோதிரத்த நான் எதுக்கு வாங்கினேன்னா..." என்றாள். ஆனால் அதற்குள் எல்லோரும் கை தட்டிவிட்டார்கள், போடுங்க போடுங்க என்று இருபது குரல், யாரோ அவள் சாம்பல் நிற ஸ்வெட்டரை உருவ, யாரோ மஞ்சளை மாட்ட, பட்டன்களை லில்லியே கீழிருந்து மேலாகப் போட்டுவிட்டாள். அது டீச்சருக்கு அளவாக இருந்தது. தோளில் அளவு, கையில் அளவு, கழுத்தில் அளவு, அந்த வருஷத்து டிசம்பர் மாதம் அவள் எவ்வளவு இருந்தாளோ அவ்வளவு. ஐம்பத்துமூன்று வயதில் முதன்முதலாக இன்னொருத்தி கையால் பின்னியதன் சூடு அவள் முதுகில் பரவியது. அவள் அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று கேக் வெட்டினார்கள்.

புது ஸ்வெட்டர்கள் வளரவில்லை என்பது ஈஸ்டருக்குப் பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. அதற்கும் சில்லூர் ஆச்சரியப்படவில்லை. வளர்ந்தவரைக்கும் வளர்ந்தது என்றார்கள். காதர் பாய் ஆயத்த ஸ்வெட்டர்களைத் தூசி தட்டி முன்னால் தொங்கவிட்டார், டாக்டர் மெஷின் மேலிருந்த துணியை எடுத்தார். பழைய லில்லி ஸ்வெட்டர்கள் மட்டும் எப்போதும் போல ஆட்களோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தன, அவை இருக்கிற வீடுகளில் கல்யாணப் பெண்ணுக்கு நகையோடு எழுதிக் கொடுத்தார்கள். லில்லி பின்னுவது கச்சிதம் என்று பேர் வாங்கினாள். சங்கத்துப் பின்னல் கண்காட்சியில் டீச்சருக்கும் அவளுக்கும் பரிசைப் பாதி பாதியாகக் கொடுத்தார்கள். இத்தனை வருஷம் டீச்சர் விரும்பியது இதுதான்: அவளும் லில்லியும் ஒன்று என்று ஊர் சொல்ல வேண்டும். ஊர் சொன்னது. அதைக் கேட்டுக்கொண்டு நின்றபோது, காலி வகுப்பறையில் நிற்பது போல இருந்தது.

வைகாசியில் ஒரு சாயங்காலம் அவள் லில்லியின் வீட்டுக்குப் போனாள். லில்லி வாசலில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். வந்தவளை வா என்று சொல்ல வரிசை முடிய வேண்டியிருந்தது.

"அந்த மோதிரத்தத் தூக்கி எறி லில்லி."

"எறிய மனசு வருமாக்கா, நீங்க குடுத்தது. ஆனா கழட்டி மாசம் ரெண்டாச்சு" என்று கையை விரித்துக் காட்டினாள். மோதிரம் இருந்த இடத்தில் வெளுத்த வளையம் மட்டும் இருந்தது. கட்டை விரல் அதன்மேல் அழுத்தி அழுத்தி எடுத்துக்கொண்டிருந்தது, சத்தமில்லாமல். "கழட்டியும் வாய் எண்ணுது. எண்ணத் தெரிஞ்சப்பறம் எண்ணாம எப்படிக்கா இருக்கறது? நீங்க எப்படி இருந்தீங்க?"

"நான் இருந்ததே இல்ல" என்றாள் டீச்சர்.

சொல்ல வந்தது நாக்கின் மேல் நின்றது. லில்லி அடுத்த வரிசையைத் தொடங்கிவிட்டாள்; எண்ணுகிறவளிடம் பேசக்கூடாது என்பது டீச்சரே சங்கத்தில் போட்ட சட்டம்.

காலம் போயிற்று. யோவானின் மகன் மீசை முளைத்து, மூன்று கால் வாத்தோடு கோயமுத்தூர் காலேஜுக்குப் போனான். டீச்சர் ஓய்வு பெற்றாள். அவளுக்குத் தோள் இறங்கியது, முதுகு கூன் போட்டது, மணிக்கட்டுகள் மெலிந்தன. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சுற்றிப் பார்த்தால் வயதான மற்ற பெண்களின் ஸ்வெட்டர்கள் அவர்களோடு கூடவே சுருங்கி, தாயின் கை போல ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அவளுடைய மஞ்சள் ஸ்வெட்டர் மட்டும் தோளைவிட்டு வழிந்து, கை விரல்களை மூடித் தொங்கி, உள்ளே காற்றுப் போகத் தளர்ந்திருந்தது. பார்க்கிறவர்கள், ஏன் டீச்சர், சின்னதா ஒண்ணு பின்னிக்கக் கூடாதா, உங்களுக்குத் தெரியாத பின்னலா என்பார்கள். அவள் வேறு எதையும் போட்டுக்கொள்ளவில்லை. ஒவ்வொரு மத்தியானமும் ஜன்னல் வெளிச்சத்தில் அதை மடியில் விரித்து, அலமாரியிலிருந்த பூதக்கண்ணாடியைக் கடைசியில் உறை பிரித்து எடுத்து, இடமிருந்து ஒருமுறை எண்ணுவாள், வலமிருந்து ஒருமுறை எண்ணுவாள், நடுவில் வேண்டுமென்றே கவனத்தை வெளியே ஹைட்ரேஞ்சியாப் பூக்களின் பக்கம் சிதறவிட்டு, கண்ணை மூடி, வெறும் விரலால் தடவிக்கொண்டே மறுபடி ஒருமுறை எண்ணுவாள். நூற்று இருபது. எல்லா வரிசையிலும் நூற்று இருபது. அவள் எண்ணியது எண்ணியபடியே இருந்தது.